குழிக்கும் குளிக்கும் ஒரு வால்தான் தூரம்

வயதிலும் உயரத்திலும் எனக்கு மேலே இருக்கும் பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன், என் சொந்தக் கையால், வேறு யார் கையும் படாமல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். பள்ளத்துத் தண்ணீரும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் மூன்றாவது மாடியும், அந்த மாடிக்குப் போகும் படிகளும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். படிகளைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுதும் வேகத்துக்கு, கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் அது பழைய விஷயமாகிவிடும். நாங்கள் வருகிறோம் மச்சான். கூப்பிட்டுக் கூப்பிட்டே நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்தப் பின்னறையில் இருக்கும் மூட்டை முடிச்சுகளை எடுத்துவிட்டு எங்களுக்கு ஒழித்துக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது ஜன்னலுக்கு வெளியே செடியில் மொட்டு இருந்தது. இப்போது அது பூத்து, கொட்டியும் விட்டது. நான் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தையும் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கமாகிவிட்டது. "ண" எழுதினால், அடடா, இத்தனை சுழியும் என் கையிலிருந்தா வந்தது என்று தோன்றும். பார்த்துக்கொண்டே இருப்பேன். டீ ஆறிவிடும். ல, ள, ழ வரும் இடங்களை மட்டும் உங்கள் தங்கை பார்த்துத் திருத்தித் தருகிறாள். மற்றதைப் படிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள். படிக்கிறாள் என்பது அவள் சிரிப்பதிலிருந்து தெரிகிறது.

டயர்க்கடை மாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள், அதில் சேர்ந்திருக்கிறேன் என்று அவள் உங்களுக்குப் போன முறையே எழுதியிருப்பாள். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். சோப்பு உறை, மாத்திரை அட்டை, போகிற லாரியின் முதுகு, ஒன்றையும் விடுவதில்லை. ஒரு மத்தியானம் உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அவள் எனக்குப் படித்துக் காட்டியபோது ஒவ்வொன்றிலும் "மாப்பிள்ளையை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரி வரும். நான் படிக்கும்போது அந்த வரி எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் "அந்தக் கொடிக்கம்பம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறதா?" என்று இருக்கிறது. கோபம் இல்லை மச்சான். குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் ரோட்டில் சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்தியவனைக் கொடிக்கம்பம் என்று சொன்னால் என்ன தப்பு? என்னைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்பது இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே என்றுதான் வருத்தம். சிலது அழகாகவே இருக்கிறது.

சரி, வருகிறோம் என்றேனே, ஏன் வருகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து காலம் ஆகிவிட்டது. குவாரியை மூடிய பிறகு எடைமேடை அறையை எங்களுக்கு விட்டார்கள் அல்லவா, அதன் வாசலிலிருந்து பழைய லாரிப் பாதை சரிவாகப் பள்ளத்துக்குள் இறங்கும். பள்ளத்தில் தண்ணீர் ஏறி ஏறி அந்தப் பாதையின் பாதியை விழுங்கிவிட்டது. இப்போது பாதை நேராகத் தண்ணீருக்குள் போகிறது, யாரோ உள்ளே அழைத்த மாதிரி. உங்கள் தங்கையின் முழங்கால் உங்களுக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வரக் கைத்தடி, சுவர், என் தோள், அதற்கும் மேல் இரண்டு கெட்ட வார்த்தை வேண்டும். ஆனால் காலையில் வெயில் பாறைமேல் விழும் நேரத்தில் அந்தப் பாதையில் இறங்குவாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் முகம் மாறும். முழங்காலைத் தாண்டியதும் கைத்தடியைக் கரையை நோக்கித் தூக்கிப் போடுவாள். இடுப்பளவு வந்துவிட்டால், மச்சான், அவள் நடக்கிறாள். கல்யாணத்தன்று நான் பார்த்த நடை. கை வீசி, எதையோ மறந்துவிட்டு எடுத்து வரப் போகிறவளைப் போல. லாரிகள் இறங்கிய பாதையில் கழுத்தளவு வரைக்கும் போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். பச்சைத் தண்ணீரில் எதிர்ப் பாறை தலைகீழாக நிற்கும். அதன் உச்சியில் அவள் நடந்துகொண்டிருப்பாள். நான் கரையில் உட்கார்ந்து சோப்பு உறையைப் படித்துக்கொண்டிருப்பேன். வேறு ஒன்றும் நடக்காது. அதுதான் எங்கள் வாழ்க்கை, நன்றாகவே இருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் வரைபட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் பலகை, காதில் பென்சில், காலில் அளவு பெரிய பூட்ஸ். இந்தப் பகுதிக்குப் புதிதாக வரைபடம் போடுகிறார்களாம். மேட்டை எல்லாம் முடித்துவிட்டார்களாம், இப்போது பள்ளங்களை இனம் பிரிக்கிறார்களாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நம்பர், ஒரு இனம். இனம் பிரிப்பதற்கென்றே ஒரு கையேடு வைத்திருந்தார்.

"பெரியவரே, இது குவாரியா, குழியா?"

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? விழுந்தா ரெண்டுலயும் அடிபடும்."

"பாறையை உடைச்சு எடுத்தா குவாரி. மண்ணு, மணல், சரளைன்னு உதிரியா கிடக்கிறதை அள்ளி எடுத்தா குழி."

"அப்படின்னா இந்தப் பக்கம் குவாரி, அந்தப் பக்கம் குழி. இங்க உடைச்சாங்க, அங்க அள்ளுனாங்க."

"அப்படி எல்லாம் முடியாது. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது, ஒரு இடத்துக்கு ஒரு இனம்தான்."

"ஏன் முடியாது? நானும் இவரும் ஒரே வீட்டுல இல்லையா?" என்றாள் உங்கள் தங்கை, தண்ணீருக்குள்ளிருந்து. அங்கே ஒரு தலை இருப்பதை அந்த அம்மா அதுவரை கவனிக்கவில்லை. பென்சில் கீழே விழுந்துவிட்டது.

நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாற்காலியும் போட்டேன். அவர் நல்ல மாதிரி. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "இப்ப இங்க வேலை நடக்குதா?"

"இல்ல."

"அப்ப உறங்குற குவாரியா, கைவிடப்பட்ட குவாரியா?"

எனக்குச் சட்டென்று காது விடைத்தது. "என்னம்மா சொன்னீங்க?"

"மறுபடி எப்பவாவது தோண்டுவாங்கன்னா உறங்கும் குவாரி. இனிமே தோண்டவே மாட்டாங்கன்னா கைவிடப்பட்டது. கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

கையேட்டை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். உ, ற, ங், கு, ம். உறங்கும். மச்சான், வாழ்நாள் முழுக்க அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருந்தும் அது உறங்குகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பச்சைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாறைப் பக்கத்தைச் சுவரோரமாகவும் சரளைப் பக்கத்தைத் தலையணைப் பக்கமாகவும் வைத்துக்கொண்டு அது படுத்திருக்கிறது. உங்கள் தங்கை அதன் கனவுக்குள் இறங்கி நடந்துவிட்டு வருகிறாள். அன்றிலிருந்து வாசலில் நான் மெதுவாகத்தான் பேசுகிறேன். பாத்திரம் கழுவினாலும் சத்தம் வராமல் கழுவுகிறேன். "என்னங்க, வீட்டுல யாராவது தூங்குறாங்களா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.

அந்த அம்மா கேள்விகளை முடிக்கவில்லை. "தண்ணி எப்பவும் இருக்குமா?"

"எப்பவும்."

"அப்ப நீர்நிலைன்னும் போடலாம். ஆனா அது தானா உண்டானதா, மனுஷன் உண்டாக்கினதான்னு சொல்லணும்."

"நாங்க பள்ளத்தைத்தான் உண்டாக்கினோம். தண்ணியை யாரும் கூப்பிடல. தானா வந்து உக்காந்துடுச்சு. போகவும் மாட்டேங்குது."

அப்போது எனக்கு ஏனோ உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் வந்து தங்கியிருந்த அந்தக் கோடைக்காலம்தான்.

"முடிவு பண்ண முடியல" என்று கையேட்டை மூடினார் அம்மா. "மேலதிகாரிகிட்ட கேக்கணும். அதுவரைக்கும் ரோட்டு முனையில ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கணும், விதி. யாரையாவது விட்டு எழுதி வையுங்க. அப்புறம் இன்னொண்ணு. இடத்துல பலகை இருந்தா, அதுல இருக்கிற பேரைத்தான் நாங்க படத்துல போடுவோம்."

"யாரையாவது எதுக்கு? நானே எழுதுவேன்" என்றேன். மச்சான், அந்த நேரத்தில் என் வாயை யாராவது பொத்தியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அம்மா போன பிறகுதான் இனம் பிரிப்பதில் இருக்கும் வில்லங்கம் புரிந்தது. மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். நகராட்சிக்காகப் பள்ளங்களை நிரப்பும் காண்டிராக்டர், நிரப்புக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நின்று ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார், முலாம்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவரைப் போல. "நல்ல பள்ளம். நிறையக் கொள்ளும்" என்றார். குழி என்றோ கைவிடப்பட்டது என்றோ படத்தில் நம்பர் விழுந்தால் இவர் கைக்கு வந்துவிடுமாம். இடிக்கிற கட்டடங்களின் குப்பையை எல்லாம் கொண்டுவந்து கொட்டிச் சமமாக்கிவிடுவாராம். உறங்குவது என்று விழுந்தால் ஏலத்துக்குப் போகும். எடுத்தவன் தண்ணீரை இறைத்துவிட்டு வெடி வைத்து எழுப்புவான்.

"எங்க வீட்டுக்காரி இதுலதான் நடக்குறா" என்றேன்.

"நிரப்பின பிறகும் நடக்கலாமே பெரியவரே. இன்னும் நல்லா நடக்கலாம், தரை சமமா இருக்கும்."

அவரிடம் என்ன சொல்ல? தரைதான் மச்சான் அவளுக்கு நோய். அன்று மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு கண்டேன். இடித்த வீடுகள் எல்லாம் மேலிருந்து மெதுவாகத் தண்ணீரில் விழுகின்றன. சத்தமே இல்லை. கதவுகள் மூழ்கும்போது தாமாகத் திறக்கின்றன. ஜன்னல்கள் மீன்களைப் போலச் சாய்ந்து போகின்றன. உங்கள் தங்கை அவற்றுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசிக் கதவை நீங்கள் திறக்கிறீர்கள். அடியில் இருந்தாலும் அது மூன்றாவது மாடி. எப்படி என்று கேட்காதீர்கள். விழித்ததும் படுத்தபடியே யோசித்தேன். குவாரி என்றாலும் போச்சு, குழி என்றாலும் போச்சு. இரண்டும் இல்லாமல், இரண்டும் சேர்ந்த மாதிரி ஒரு பெயரை நானே பலகையில் எழுதிவிட்டால்? கையேட்டில் இல்லாத பெயர் என்றால் எந்த இனத்திலும் சேர்க்க முடியாதே. பாறைக்கு ஒரு சொல், பள்ளத்துக்கு ஒரு சொல். "கல் குழி." எழுந்து பெயின்ட் டப்பாவைத் தேடினேன்.

இங்கே என் நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பு டீச்சர் பகலில் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவர். அதனால் பாடம் நடத்தும்போதும் எங்கள் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். "நாக்கை மடியுங்க, இன்னும் உள்ள, இன்னும்" என்பார். நான் மடிப்பேன், ள வரும். ல வரும் இடத்திலும் அதுதான் வரும், ள வரும் இடத்திலும் அதுதான் வரும், ழ வரும் இடத்திலும் அதுவேதான் வரும். "உங்களுக்குக் கடவாய்ப் பல் கட்டணும்" என்பார். நாக்குக்கு மூன்றும் ஒரே பிள்ளை, கைக்கு மட்டும் மூன்று பிள்ளை என்றால் ஒரு மனிதன் எந்தப் பிள்ளையை எப்போது கூப்பிடுவான்?

பலகையை வைத்த மறுநாள் சாயங்காலம் லாரிக்காரர்கள் சிலர் கையில் கிளாசோடு வந்து நின்றார்கள்.

"பெரியவரே, எங்க ஊத்துறீங்க?"

"எதை?"

"சும்மா சொல்லுங்க, நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். அதான் போர்டே வச்சுட்டீங்களே."

அதில் ஒருவர் பொறுமை இல்லாதவர். நேராகப் போய்ப் பள்ளத்துத் தண்ணீரை ஒரு கிளாஸ் மொண்டு குடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா கலந்திருக்கீங்க" என்றார். பிறகு அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து உங்கள் தங்கையிடம் நியாயம் கேட்டார்கள். அவள் படித்தாள். கைத்தடியை விட்டுவிட்டு எடைமேடைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கல்லைக் கள்ளாக்கிட்டீங்களே" என்றாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது, குழி என்றாலும் போச்சு என்பதே அந்த ரோஷத்தில் மறந்துவிட்டது. இனிமேல் இவளிடம் காட்டக் கூடாது என்று, அந்த முதல் சொல்லையே எடுத்துவிட்டு, பலகை முழுவதையும் அழித்து, சுருக்கமாக இரண்டே சொல்லில் புதிதாக எழுதி, நானே சுமந்துபோய் ரோட்டு முனையில் நட்டேன். அவளால் அவ்வளவு தூரம் நடந்து வந்து பார்க்க முடியாது என்பது ஒரு சௌகரியம். "கவனம்! குழி!" என்று எழுதினேன். எழுதியதாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒரு நல்ல கனவைப் போல இருக்கிறது. முதலில் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். தலை முதல் கால் வரை சாம்பல் நிறம், இமை மட்டும் அசைந்தது. வரிசையாகத் தண்ணீருக்குள் போனார்கள். வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு நிறம். ஒருவருக்கு மீசை இருந்தது, போகும்போது இல்லை. "ஏம்பா, போர்டைப் படிக்கலையா?" என்று கேட்டேன். "படிச்சோம் பெரியவரே. அவ்வளவு அக்கறையா எழுதி வச்சிருக்கீங்க, கேக்காம போனா நல்லா இருக்காதுல்ல" என்றார்கள். அடுத்து பள்ளிக்கூடத்துக் காவலாளி வந்தார். அப்புறம் தையல்காரர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் மாமியார். துண்டும் சோப்புமாக வந்தார்கள். உங்கள் தங்கை வழக்கம்போல நடந்தாள். "அம்மா நடக்கிறாங்க, வழி விடுங்க" என்று அவர்களே ஒதுங்கி நின்றார்கள். குழி என்று எழுதி வைத்தும் இப்படித் தேடி வந்து இறங்குகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. கொடி பிடித்த காலமெல்லாம் ஜனங்களை நிறுத்தத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது நான் எழுதியதைப் படித்துவிட்டு வருகிறார்கள். எழுத்து என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்து அம்மா மறுபடி வந்தபோது தண்ணீர் முழுக்கத் தலைகள். ரோட்டு முனைக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பெரியவரே, என் தலைவலியே போச்சு. குவாரியும் வேண்டாம், குழியும் வேண்டாம். பலகையில தெளிவா இருக்கு. கவனம், குளி. பொதுக் குளியலிடம்னு போட்டுட்டேன்."

என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினார். நான் போட்டிருந்தது ள. "ழ-வுக்கு அடியில ஒரு வால் தொங்கும் பெரியவரே, நீங்க வாலை விட்டுட்டீங்க" என்றார். உண்மைதான். எனக்கு வெட்கமாக இல்லை. துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. நிரப்ப மாட்டார்கள், எழுப்பவும் மாட்டார்கள், வால் போனால் போகட்டும். அன்று இரண்டு டீ குடித்தேன். இந்த இடத்தில் கடிதம் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நானும் இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி, ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குளியலிடம் என்றால் குளியலிடத்துக்கு உண்டான சட்டதிட்டங்கள் உண்டாம். நகராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்து பாதை தண்ணீரில் இறங்கும் இடத்தில் கயிறு கட்டினார். ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். படி கட்டப் போகிறார்களாம், சீட்டுக் கொடுக்க ஒரு கூண்டு வைக்கப் போகிறார்களாம். அச்சடித்த நல்ல பெரிய எழுத்து. எனக்கு ஒரே உற்சாகம். "நீ உக்காரு, நான் படிக்கிறேன்" என்றேன். உங்கள் தங்கை வாசலில் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இறங்குவதற்குத் தயாராகத் துண்டைத் தோளில் போட்டிருந்தாள். நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. எங்கேயும் தடுக்கவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. அதே வேகத்தில் அடுத்ததையும் படித்தேன். "கைத்... தடி... யுடன் நடப்பவர்கள்... நீரில் இறங்க... அனுமதி இல்லை."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது எனக்கு விளங்கியது. புதிதாகப் படிக்கிறவனுக்கு இது ஒரு குறை மச்சான். வாய் முதலில் போய்விடுகிறது, மனசு பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வருகிறது.

அவள் கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா படிக்கிறீங்க. ழ கூட திருத்தமா வந்துச்சு" என்றாள். அந்த அறிவிப்பில் ழ-வே இல்லை.

மறுநாள் வரைபட அலுவலகத்துக்குப் போனேன். "அம்மா, அந்த வாலை ஒட்டிடுங்க. குழின்னே போட்டுடுங்க" என்றேன். "போடலாம், அப்புறம் நிரப்பிடுவாங்களே" என்றார். "அப்ப உறங்கும் குவாரி." "ஏலம் விட்டுடுவாங்க." "அப்ப நீர்நிலை." "வேலி போட்டுடுவாங்க. அதுவும் இல்லாம, படம் அச்சுக்குப் போயிடுச்சு பெரியவரே." அவருக்கும் வருத்தம்தான். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரோடு யாராவது ஒருவர் கிளம்பி வந்துவிடுகிறார்கள் மச்சான். பெயர் இல்லாமல் கிடந்தவரைக்கும் யாருமே வரவில்லை.

பலகையை நானே பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதும் குளிக்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் குளிக்கத் தோன்றாது போலிருக்கிறது. கயிறு மட்டும் இருக்கிறது. உங்கள் தங்கை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கால் நாளுக்கு நாள் இறுகுகிறது. நேற்று, "அண்ணன் வீட்டுக்கே போயிடலாங்க. இதைப் பார்த்துக்கிட்டே இருக்கறதுக்குப் பார்க்காமலே இருக்கலாம்" என்றாள். நான் சரி என்றேன். உங்கள் மாடியில் ஏறிவிட்டால் அவள் இறங்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தங்கை நடப்பதற்காகப் பிளாஸ்டிக் குளியல் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல மனசு. முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு என்று அதில் நடக்கலாம். படியேற்றும்போது அவளை நாற்காலியோடு தூக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். ஒருவர் பலசாலியாக இருக்கட்டும். இன்னொருவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தை அவர் காது கேட்கும்படி சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்கள் ல, ள, ழ மூன்றையும் சண்டையில்லாமல் வளர்க்க வேண்டும். உங்கள் படிகள் வழுக்காமலும், உங்கள் மாடியில் காற்று நிற்காமலும், என்னைப் பற்றி எழுத உங்கள் கைக்குக் குறைவில்லாமலும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பேனாவை மூடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கொடிக்கம்பம் (நானே எழுதியது)

பின் குறிப்பு: நாங்கள் வரவில்லை மச்சான்.

உறைமேல் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன். தெருப் பெயரில் ழ வருகிறது, அதனால் நாளாகிவிட்டது. அதற்குள் வரைபடத்து அம்மா அச்சான படத்தோடு வந்துவிட்டார். எடைமேடைமேல் விரித்தார். ரோடு இருந்தது. சிமெண்ட் குடோன் இருந்தது. டயர்க்கடைகூட ஒரு புள்ளியாக இருந்தது. எங்கள் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"மன்னிச்சுக்கோங்க பெரியவரே" என்றார், காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு. "படத்தோட அளவுக்கு ஒரு விதி இருக்கு. ஒரு அளவுக்குச் சின்னதா இருந்தா போடக் கூடாதாம். உங்க பள்ளம் அதுக்குக் கொஞ்சம் குறைச்சல். இனம் எல்லாம் பிரிச்சு முடிச்ச பிறகுதான் அளந்து பார்த்தாங்க."

"அப்ப நம்பர்?"

"நம்பர் கிடையாது. நம்பர் இல்லாததை நிரப்ப முடியாது, ஏலம் விட முடியாது, சீட்டுக் கொடுக்க முடியாது. கயித்தை அவுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப நாங்க எங்கம்மா இருக்கோம்?" என்றாள் உங்கள் தங்கை.

"படத்தின்படி, எங்கயும் இல்லம்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று எழுந்தாள். அம்மா கயிற்றை அவிழ்க்கும்வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை, குனிந்து கடந்து போய்விட்டாள். நீங்கள் இதை நம்ப வேண்டும், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு குனிந்து போனாள். கைத்தடி கரையில் வந்து விழுந்தது.

எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, இவ்வளவும் என் கையெழுத்து. ஆகவே முதலில் தங்கை வருகிறாள் என்று சந்தோஷப்படுங்கள், பிறகு இதைப் படித்து வருத்தப்படுங்கள். இரண்டும் உங்களுக்குத்தான்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிரதியை எனக்கே கொடுத்து, காதில் இருந்த பென்சிலையும் எடுத்து நீட்டினார். "இது உங்க படம் பெரியவரே. இந்த வெள்ளையில நீங்களே ஒரு பேரு எழுதிக்கோங்க. எது வேணா எழுதுங்க, யாரும் கேக்க மாட்டாங்க." பென்சில் நன்றாகச் சீவியிருந்தது. காகிதம் வழவழவென்று இருந்தது. என் கை எப்படி அரித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் சின்ன வயதிலேயே படித்துவிட்டவர். "உறங்கும்" என்று எழுதலாமா என்று பென்சில் முனையைக்கூடக் காகிதத்தில் வைத்துவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து அவள் கத்தினாள்:

"ஏங்க! எழுதித் தொலைச்சிடாதீங்க!"

பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.